ஜடாமுனியும் சர்வாதிகாரித் தாத்தாவும்

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குச் சர்வாதிகாரித் தாத்தா என்று பெயர். அப்பாவின் தாத்தா. கொரடாச்சேரி பக்கம் கிராமம், நான்கு வேலி நன்செய், கூடத்துச் சுவரில் கதர்ச் சட்டையோடு ஒரு படம். சின்ன வயதில் அந்தப் பெயரைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. படத்தில் இருக்கும் மீசையையும் முறைப்பையும் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றாது. ஆள் கண்டிப்பானவர், அதனால் சர்வாதிகாரி. அவ்வளவுதானே?

பிறகு என்ஜினியரிங் சேர்ந்தபோது ஹாஸ்டல் வார்டனுக்கு ஹிட்லர் என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்களுக்குப் பத்து பேட்ச் முன்னாலேயே வைத்துவிட்டார்களாம். தமிழ்நாட்டில் ஹிட்லர் இல்லாத பள்ளிக்கூடமோ ஹாஸ்டலோ இருக்கிறதா என்று தெரியவில்லை. கணக்கு வாத்தியார், பி.டி. மாஸ்டர், கூட்டுக் குடும்பத்துப் பெரியப்பா, யாராவது ஒருவர் அந்த இடத்தில் இருப்பார். 1982இல் சிவாஜி நடித்து 'ஹிட்லர் உமாநாத்' என்றே ஒரு படம் வந்திருக்கிறது. நம் பேச்சில் "சரியான ஹிட்லர்டா அவரு" என்பதில் திட்டு கால்வாசி, மரியாதை முக்கால்வாசி. "ஆனா ஆளு கரெக்டா இருப்பாரு" என்று அடுத்த வாக்கியம் வந்தே தீரும். அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற ஓர் ஆட்சியின் தலைவன் பெயர் தமிழில் ஒழுங்குக்கும் நேரந்தவறாமைக்கும் அடைமொழி ஆனது எப்படி?

இந்தக் கேள்வியோடுதான் புதுமைப்பித்தனின் அரசியல் புத்தகங்களுக்குப் போனேன். கதைகளைப் படித்தவர்களில் பலருக்கே அவர் முசோலினியைப் பற்றி 'பாஸிஸ்ட் ஜடாமுனி' என்றும், ந. ராமரத்னத்தோடு சேர்ந்து ஹிட்லரைப் பற்றி 'கப்சிப் தர்பார்' என்றும் எழுதியது தெரியாது. தெரிந்தவர்களும் "அதெல்லாம் பத்திரிகைக்காரர் வயிற்றுப்பாட்டுக்கு எழுதியது" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படித் தாண்ட முடியவில்லை. அந்த இரண்டு தலைப்புகளே ஒரு விமரிசனம். ஆனால் அதைச் சொல்ல முதலில் அவர் எந்தச் சொல்லைத் தவிர்த்தார் என்று பார்க்க வேண்டும். அதற்குத் தாத்தாவிடம் திரும்ப வேண்டும்.

பெயர்க் காரணத்தைப் பெரியப்பாதான் சொன்னார். கண்டிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1932 ஜனவரியில் காந்தி கைதானதும் காங்கிரஸ் அமைப்புகள் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டன. கமிட்டி கூட முடியாது, தீர்மானம் போட முடியாது. அதனால் ஊருக்கு ஒருவர் கையில் மொத்தப் பொறுப்பையும் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் டிக்டேட்டர், தமிழில் சர்வாதிகாரி. அவர் துணிக்கடை மறியல் நடத்துவார், கைதாவார், போகும்போது அடுத்த சர்வாதிகாரியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். தாத்தா அந்த வரிசையில் மூன்றாவதோ நான்காவதோ. பதினொரு நாள் சர்வாதிகாரி, பிறகு ஆறு மாதம் திருச்சி ஜெயில். "அவரு பதவியில இருந்ததை விட உள்ள இருந்ததுதான்டா ஜாஸ்தி" என்றார் பெரியப்பா.

யோசித்தால், பழைய ரோமில் அந்தச் சொல்லுக்கு இருந்த அர்த்தமும் கிட்டத்தட்ட இதுதான். ஆபத்துக் காலத்தில் ஒருவரை நியமிப்பார்கள், அதிகபட்சம் ஆறு மாதம், வேலை முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். அதைச் சாகும்வரைக்கும் ஆக்கிக்கொண்டவர் சீசர். எங்கள் தொழிலிலும் இது உண்டு. நள்ளிரவில் சர்வர் விழுந்துவிட்டால் ஒருவருக்கு எல்லாக் கதவும் திறக்கிற மாதிரி அவசர அனுமதி கொடுப்போம். காலையில் திரும்ப வாங்க வேண்டும் என்று விதி. இரண்டு வருடம் கழித்துத் தணிக்கை வரும்போது பார்த்தால் அந்த அனுமதி அப்படியே இருக்கும். ஜெர்மனியில் 1933 மார்ச் 23ஆம் தேதி நாடாளுமன்றம் ஹிட்லர் அரசுக்குத் தானே சட்டம் இயற்றிக்கொள்ளும் அதிகாரத்தைக் கொடுத்தபோது அதுவும் நான்கு வருடத்துக்குத்தான். 1937இல் நீட்டித்தார்கள், பிறகும் நீட்டித்தார்கள்.

காங்கிரஸ்காரர்கள் மட்டும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. 1938இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வந்தபோது அதை நடத்தியவர்களும் வரிசையாகச் சர்வாதிகாரிகளை நியமித்தார்கள். எதிர்ப்புறத்தில் ராஜாஜி மாகாணப் பிரதமர். வெள்ளைக்காரன் காங்கிரஸ்காரர்கள் மீது பிரயோகித்த அதே கிரிமினல் சட்டத் திருத்தத்தை அவர் மறியல்காரர்கள் மீது பிரயோகித்தார். கும்பகோணத்துத் தாளமுத்து 1939 மார்ச்சில் சிறைவாசத்தின்போது இறந்துபோனார். ஐரோப்பாவில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கி, செக்கோஸ்லோவாக்கியாவை இரண்டு கடியில் முடித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், தமிழ்நாட்டில் 'சர்வாதிகாரி' என்றால் ஜெயிலுக்குப் போகத் தயாராக இருக்கிற ஆள். தியாகி என்பதற்குப் பக்கத்துச் சொல். அதே சொல்லை வைத்துத்தான் மறுநாள் செய்தித்தாளில் ஹிட்லரையும் எழுதியாக வேண்டும்.

வெ. சாமிநாத சர்மா அந்த வருடங்களில் 'முஸோலினி', 'ஹிட்லர்', 'கமால் அத்தாதுர்க்' என்று எழுதினார். அபிசீனியா, ஸ்பெயின், பாலஸ்தீனம், செக்கோஸ்லோவாக்கியா எல்லாவற்றுக்கும் தனித்தனிப் புத்தகம். 1937 முதல் ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையின் ஆசிரியர். 1942இல் ஜப்பான் குண்டு விழ, மலையும் காடும் கடந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். உலக அரசியலைத் தமிழில் பேச ஒரு நடையை உண்டாக்கியவர் அவர்தான் என்று சொன்னால் மிகையில்லை. தெளிவான, நிதானமான, குரல் உயர்த்தாத நடை. தாத்தாவின் மர பீரோவில் அவருடைய 'ஹிட்லர்' இருந்தது. முதல் பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

சர்மாவிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வாழ்க்கை வரலாறு என்ற வடிவத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தோல்விகள், ஜெயில், விடாமுயற்சி, எழுச்சி. காந்திக்கும் இதே படிகள்தான், முசோலினிக்கும் இதே படிகள்தான். எழுதுகிறவர் எவ்வளவு நடுநிலையாக இருந்தாலும் படிக்கிறவர் படி ஏறிக்கொண்டே போவார், உச்சியில் நிற்கிறவரை அண்ணாந்து பார்ப்பார். அந்தக் காலத்தில் பெரியவர்களே அண்ணாந்துதான் பார்த்தார்கள். தாகூர் 1926இல் முசோலினியின் விருந்தாளியாக இத்தாலி போய்ப் பாராட்டிவிட்டு, உண்மை தெரிந்ததும் வெளிப்படையாக மறுக்க வேண்டியிருந்தது. நேரு 1936இல் ரோம் வழியாகத் திரும்பும்போது முசோலினியைச் சந்திக்கவே மறுத்தார். அதைச் செய்ய ஒரு தெளிவு வேண்டும். எங்கள் ஊர் மிராசுதாரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இப்போது புதுமைப்பித்தனுக்கு வருகிறேன். 'தினமணி'யில் உதவி ஆசிரியர். அந்தக் காலத்துத் தமிழ் நாளிதழ் என்றால் ஆங்கிலத்தில் தந்தி வந்து விழும், அதை உட்கார்ந்து தமிழாக்க வேண்டும். ஐரோப்பாவின் ஒவ்வொரு நாளும் அவருடைய மேஜை வழியாகப் போயிருக்கும். அந்த மனிதர் புத்தகம் எழுத உட்கார்ந்தபோது தலைப்பில் சர்வாதிகாரி என்று எழுதவில்லை. ஜடாமுனி என்று எழுதினார்.

ஜடாமுனி யார் என்று டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: சடைமுடியோடு புளியமரத்திலோ ஆலமரத்திலோ குடியிருப்பது. உச்சிவேளையில் தனியாகப் போனால் அடிக்கும், காய்ச்சல் வரும். பாட்டிமார்கள் எங்களைப் பயமுறுத்தியது இதை வைத்துத்தான். ஆனால் இதில் இன்னொரு பாதி இருக்கிறது. அதே முனிக்கு மரத்தடியில் ஒரு கல் நட்டு, சுருட்டும் சாராயமும் படைத்து, 'ஜடாமுனீஸ்வரர்' என்று போர்டும் வைத்துவிடுவார்கள். அடித்த பேய்தான் காவல் தெய்வம். அடிக்கிறவன் நம் பக்கம் நின்று அடித்தால் நல்லதுதானே என்ற கணக்கு. பாசிசத்தைப் பற்றி ஐரோப்பியர்கள் எத்தனையோ புத்தகம் எழுதியிருக்கிறார்கள். பயம் வழிபாடாக மாறும் அந்தக் கணக்கை ஒரே சொல்லில் வைத்த தலைப்பு எனக்குத் தெரிந்து இதுதான். தெரிந்து வைத்தாரா, கேலிக்காக வைத்தாரா என்பது வேறு. சொல் அவரைவிடக் கூடுதலாகவே வேலை செய்கிறது.

கேலி என்ன செய்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 1922 அக்டோபரில் கறுப்புச் சட்டைக்காரர்கள் ரோமை நோக்கி அணிவகுத்தார்கள் என்று படிக்கிறோம். கேட்டால் சிலிர்க்கும். நடந்தது என்ன? தொண்டர்கள் மழையில் நனைந்துகொண்டு ஊருக்கு வெளியே காத்திருந்தார்கள். தலைவர் மிலானில் இருந்தார், ராஜாவின் அழைப்பு வந்த பிறகு ராத்திரி ரயிலில் தூங்கிக்கொண்டு ரோமுக்கு வந்தார். ராணுவத்தை வைத்து ஒரு நாளில் கலைத்திருக்கக்கூடிய கூட்டம். ராஜா கையெழுத்துப் போட மறுத்தார், அவ்வளவுதான். இதை வீர வரலாறாகவும் எழுதலாம், ஸ்லீப்பர் பெர்த்தையும் சேர்த்து எழுதலாம். பெர்த்தைச் சேர்த்துவிட்டால் அண்ணாந்து பார்க்க முடியாது. ஜடாமுனி என்று பெயர் வைக்கிற ஆள் பெர்த்தை விட்டுவிட மாட்டார்.

'கப்சிப் தர்பார்' எனக்கு இன்னும் பிடித்த தலைப்பு. வாத்தியார் பிரம்பைத் தூக்கினால் வகுப்பு கப்சிப். தர்பார் என்றால் பேச்சு இருக்க வேண்டிய இடம், மனுக்கொடுக்கிறவனும் மந்திரியும் புலவரும் வாய் திறக்கிற இடம். அங்கே கப்சிப். ஹிட்லரைப் பற்றிச் சொல்லும்போது நாம் ஹிட்லரையே பார்க்கிறோம், மீசை, கை, கூச்சல். இந்தத் தலைப்பு கூச்சல் போடுகிறவனை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டவர்களைப் பார்க்கிறது. என் வார்டனுக்குப் பெயர் வைத்தவர்கள் இந்தப் புத்தகத்தைப் படித்திருந்தால், தாங்கள் பெயர் வைத்தது வார்டனுக்கா தங்களுக்கா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

இவ்வளவு பாராட்டிவிட்டு, என் குறையையும் சொல்ல வேண்டும். இது சின்னக் குறை இல்லை. அதே வரிசையில் அவர் எழுதிய மற்ற இரண்டு புத்தகங்களின் பெயர் 'ஸ்டாலினுக்குத் தெரியும்', 'அதிகாரம் யாருக்கு?' அவற்றில் முனியும் இல்லை, தர்பாரும் இல்லை. பாசிசத்தைக் கிழித்தவர் ஸ்டாலினின் பொதுவான கொள்கைகளுக்கு ஆதரவாகப் பேசுகிறார். 1936 முதல் 1938 வரை மாஸ்கோ வழக்குகள் நடந்தன, லெனினோடு புரட்சி செய்தவர்கள் கூண்டில் நின்று தங்களையே துரோகிகள் என்று ஒப்புக்கொண்டு சுடப்பட்டார்கள். அதைவிடப் பெரிய கப்சிப் தர்பார் எது? அன்றைக்கு ஹிட்லரை எதிர்த்த உலகத்து அறிவாளிகளில் பாதிப் பேர் இப்படித்தான் இருந்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் புதுமைப்பித்தனிடம் நாம் கேட்பது பாதிப் பேரின் நியாயத்தை அல்ல. 'தெரியும்' என்ற சொல்லைப் பாருங்கள். அவருக்குத் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார். கேலி எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு முனி உட்கார்ந்துவிடுகிறது. கந்தசாமிப் பிள்ளை வீட்டுக்குக் கடவுளையே கூட்டிவந்து ரிக்‌ஷாவில் ஏற்றியவர், ஸ்டாலினிடம் மட்டும் ஏன் மரியாதையாகிவிட்டார்?

இன்னொரு குறை, எனக்கு இதுதான் முக்கியம். பேய் என்று சொல்லிவிட்டால் பேய் எதைத் தின்று வளர்ந்தது என்று கேட்காமல் விட்டுவிடலாம். 1932 வாக்கில் ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் ஏறக்குறைய 60 லட்சம். அதே மந்தம் எங்கள் பக்கத்துக்கு நெல் விலையாக வந்தது. 1929க்குப் பிறகு சில வருடங்களில் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது, பர்மா அரிசி வேறு வந்து இறங்கியது, வரி மட்டும் இறங்கவில்லை. மிராசுதார் கடனில், குத்தகைக்காரர் அதைவிடக் கடனில், பண்ணையாள் எப்போதும் இருந்த இடத்தில். 1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் நிச்சயமானபோது விலை நிச்சயமில்லாமல் போயிருந்தது. விலை விழுந்தது, கடன் ஏறியது, நடுத்தர வர்க்கம் கோபத்தில் இருந்தது. ஜெர்மனியில் இருந்த பொருள் எல்லாமே தஞ்சாவூரிலும் இருந்தது. ஏன் இங்கே ஒரு ஜடாமுனி எழவில்லை?

நம் ஜனங்கள் அகிம்சைவாதிகள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேலே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று உத்தரவு போட்டார். சோறு போடுவதைக் குற்றமாக்க ஒரு கையெழுத்து போதும். ஜனங்கள் பொட்டலம் கட்டி மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள், அது வேறு கதை, நல்ல கதை. அப்புறம் கீழே, ஊருக்கு ஊர் அந்தப் பதவி நிரம்பியிருந்தது. பண்ணையாளுக்குச் சவுக்கடி, சாணிப்பால். 1943இல் பி. சீனிவாச ராவ் கீழத்தஞ்சைக்கு வந்து விவசாயிகள் சங்கம் கட்டும்வரை, எதிர்த்துப் பேசலாம் என்பதே பல சேரிகளில் ஒரு செய்தியாக இருக்கவில்லை. 1952இல்தான் பண்ணையாள் பாதுகாப்புக்கு அவசரச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த முதலமைச்சரும் ராஜாஜிதான். அதற்கும் 16 வருடம் கழித்துக் கீழவெண்மணி, ஒரே குடிசையில் 44 பேர்.

இந்த இடத்தில் அரசியல் புத்தகம் எழுதிய புதுமைப்பித்தனைவிடக் கதை எழுதிய புதுமைப்பித்தன் நிறைய தூரம் போயிருக்கிறார். 'துன்பக்கேணி'யில் முசோலினியும் இல்லை, ரோமும் இல்லை. ஊரின் அதிகாரம் துரத்த, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகும் மருதி இருக்கிறாள். அவளுக்கு மேலே கங்காணி, அவனுக்கு மேலே துரை. அதில் ஒருவரும் பேயில்லை. எல்லாரும் தங்கள் வேலையைச் செய்கிறவர்கள். ஐரோப்பாவில் கட்சியும் சீருடையும் தேவைப்பட்ட வேலையை இங்கே ஒரு கணக்குப்பிள்ளையும் ஒரு நோட்டுப்புத்தகமும் முடித்துவிடுகின்றன. சர்வாதிகாரத்தைப் பற்றித் தமிழில் எதைப் படிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன், ஜடாமுனியை இரண்டாவதாக.

இதை எழுதத் தொடங்கியபோது பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "தேசத்துக்காக ஜெயிலுக்குப் போனவருடா அவரு. ஹிட்லரோட சேத்து எழுதுவியா?" என்றார். ஹிட்லரோடு சேர்க்கவில்லை, அந்தச் சொல்லை மட்டும்தான் பார்க்கிறேன் என்றேன். அதுவும் முழு உண்மையில்லை. தாத்தா ஆறு மாதம் உள்ளே இருந்தது நிஜம். திரும்பி வந்து அதே களத்தில் அதே சவுக்கோடு நின்றதும் நிஜம் என்று அத்தை ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருக்கிறார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கீழத்தெருவில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியவர். அவர் அப்பா எங்கள் வீட்டுப் பண்ணையாள், அவர் பேரன் ஓசூரில் என்னைப் போலவே கம்ப்யூட்டர் வேலை. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். அவர் அப்பா என் தாத்தாவை அப்படிக் கூப்பிட்டிருக்க முடியாது. திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கேட்டேன்: "எங்க வீட்டுல பெரிய தாத்தாவை சர்வாதிகாரித் தாத்தான்னு சொல்வாங்க. இங்க உங்க தெருவுல அவருக்கு என்ன பேரு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "பேரெல்லாம் ஒண்ணும் கிடையாது தம்பி. வரப்புல தலை தெரிஞ்சா 'வர்றாங்க'ம்பாங்க. அதுக்கப்புறம் யாரும் பேச மாட்டோம்."

பேரன் வீடியோ காலில் வந்தான். அவர் போனை என் பக்கம் திருப்பி, இவங்க நம்ம பழைய பண்ணை வீட்டுத் தம்பி, உன்னை மாதிரியே கம்ப்யூட்டர்ல இருக்காங்க என்று அறிமுகப்படுத்தினார். அவன் எந்த கம்பெனி ப்ரோ என்று கேட்டான்.